ஆங்கில வகுப்பில் படமும் கதையும் எப்போது வேலை செய்கின்றன?

ஆசிரியர் பேனாவை உயர்த்திப் பிடித்து ‘வாட் இஸ் திஸ்?’ என்று கேட்கிறார். வகுப்பே சேர்ந்து ‘திஸ் இஸ் எ பென்’ என்கிறது. அது பேனா என்பது கேட்டவருக்கும் தெரியும், சொன்னவர்களுக்கும் தெரியும். வகுப்பறைக்கு வெளியே ஒருவர் இப்படிக் கேட்டால், இவருக்கு என்ன ஆயிற்று என்றுதான் பார்ப்போம். பதிலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கும் இந்த வகையை மொழிக்கல்வி ஆய்வாளர்கள் ‘டிஸ்பிளே’ கேள்வி என்கிறார்கள். தெரியாமல், தெரிந்துகொள்வதற்காகவே கேட்பது ‘ரெஃபரென்ஷியல்’ கேள்வி. மைக்கேல் லாங்கும் சார்லீன் சாட்டோவும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில வகுப்புகளில் முதல் வகைக் கேள்விகளே நிறைந்திருந்தன. வெளியே நடக்கும் சாதாரண உரையாடலில் அவை கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

ஓவியம், கதை, கவிதை, சொந்த அனுபவம் எல்லாவற்றையும் வகுப்புக்குள் கொண்டுவரச் சொல்பவர்கள், பிள்ளைகளுக்குச் சுவாரசியமாக இருக்கும் என்ற காரணத்தைத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். சுவாரசியம் நல்லதுதான். ஆனால் அது இரண்டாவது காரணம். ஆசிரியருக்கே பதில் தெரியாத கேள்வியை வகுப்பில் எழுப்ப இவற்றால் முடியும் என்பதே முதல் காரணம். அப்படி ஒரு கேள்வி எழுந்தால் மாணவருக்குச் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். சொல்வதற்கு ஏதாவது இருந்தால் சொல்லும் இலக்கணமும் தேவைப்படும். கேள்வி எழவில்லையென்றால் உலகப் புகழ்பெற்ற ஓவியத்துக்கும் அந்தப் பேனாவுக்கும் வித்தியாசமில்லை.

படத்தை வைத்து மொழி கற்பிப்பது புதிய யோசனையும் இல்லை. செக் கல்வியாளர் கொமேனியஸ் 1658இல் நியூரம்பெர்கில் வெளியிட்ட ‘ஆர்பிஸ் பிக்டஸ்’ என்ற நூலில் லத்தீனும் ஜெர்மனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒவ்வொரு பாடத்துக்கும் மரச்செதுக்குப் படம், படத்தில் உள்ள பொருளுக்கு ஓர் எண், அதே எண் அந்தப் பொருளின் பெயருக்கும். சார்ல்ஸ் ஹூல் அடுத்த ஆண்டே அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். குழந்தைகளுக்கான படப் புத்தகங்களின் முன்னோடி அதுதான். ஆனால் அதில் படத்தின் வேலை, பெயர் சொல்வது. மூன்றரை நூற்றாண்டு கழிந்தும் பல பாடநூல்களில் படம் அந்த ஒரு வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது: ஆப்பிள் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆப்பிள்.

இலக்கியத்தின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டில் கோலோச்சிய இலக்கண–மொழிபெயர்ப்பு முறையில் இலக்கியத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் அதிலிருந்து வாக்கியங்களைப் பிய்த்து விதிகளுக்கு உதாரணம் காட்டினார்கள். 1882இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஃபீட்டர், மொழிப் பாடம் தலைகீழாக மாற வேண்டும் என்று துண்டுநூல் எழுதினார். அப்புறம் வந்த பேச்சு முறைகளும் வாய்ப்பயிற்சி முறைகளும் இலக்கியத்தையே ஓரங்கட்டின. 1970, 80களில்தான் அது மொழி வகுப்புக்குள் மறுபடியும் தலைகாட்டியது. இந்தத் தடவை படிக்க மட்டுமில்லாமல் பேசவும் எழுதவும் தூண்டுகோலாக வந்தது.

சரி, ஒரு படம் எப்படிப் பேச வைக்கும்? அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1942இல் வரைந்த ‘நைட்ஹாக்ஸ்’ ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். இப்போது சிகாகோ கலை நிறுவனத்தில் இருக்கிறது. நள்ளிரவு, ஆளில்லாத தெரு, மூலையில் கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் உணவகம். உள்ளே நான்கே பேர்: வெள்ளைச் சீருடையில் பரிமாறுபவர், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆணும் சிவப்பு உடைப் பெண்ணும், நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஆள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தெருவிலிருந்து உள்ளே போகக் கதவு எதுவும் படத்தில் தெரியாது. ‘ஹவ் மெனி பீப்பிள் ஆர் தேர்?’ என்று கேட்டால் ‘ஃபோர்’ என்று பதில் வரும், கதை முடிந்தது. ‘இவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் யார்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

‘ஹஸ்பண்ட் வைஃப். ஃபைட்’ என்று ஒரு மாணவர் சொல்வார். எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும். ‘நோ டாக்கிங். ஹீ நாட் லுக்கிங்.’ அதாவது அவர் ஆதாரம் காட்டத் தொடங்கிவிட்டார். இன்னொருவர் மறுப்பார்: ‘நோ, ஹேண்ட் இஸ் நியர்.’ உண்மைதான், படத்தில் அவர்களுடைய கைகள் தொட்டும் தொடாமலும் அருகருகே இருக்கின்றன. இந்த இடத்தில் ஆசிரியர் கரும்பலகையில் மூன்று வாக்கியம் எழுதுகிறார்: ‘தே மஸ்ட் பி மேரீட்’, ‘தே மைட் பி மேரீட்’, ‘தே கான்ட் பி மேரீட்’. எவ்வளவு நிச்சயம் என்பதைப் பொறுத்து எதைச் சொல்வீர்கள் என்று கேட்கிறார். இலக்கணப் புத்தகத்தில் ‘மோடல் வெர்ப்’ என்ற தலைப்பின் கீழ் பட்டியலாகக் கிடப்பவைதான் இவை. அங்கே ‘மஸ்ட்’ என்றால் கட்டாயம் என்று மனப்பாடம் செய்த பிள்ளை, இங்கே அதே ‘மஸ்ட்’ ஊகத்துக்கும் வருவதைத் தன் கட்சியை நிலைநாட்டும் அவசரத்தில் பிடித்துக்கொள்கிறது. அவர்கள் யார் என்பதற்கு ஹாப்பர் ஓவியத்தில் விடை வைக்கவில்லை. அதனால் ஆசிரியராலும் சரி, தவறு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. வாக்கியம் சரியா, ஆதாரம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்க முடியும்.

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு ஒரு வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவை நடத்திய ஃபிலிப் யெனவைனும் உளவியல் ஆய்வாளர் அபிகெய்ல் ஹவுசனும் சேர்ந்து உருவாக்கிய ‘விஷுவல் திங்கிங் ஸ்ட்ராட்டஜீஸ்’ முறையில் மூன்றே கேள்விகள்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? வேறென்ன தெரிகிறது? மொழி வகுப்புக்காக இதைச் செய்யவில்லை, ஓவியம் பார்க்கப் பழக்கத்தான் செய்தார்கள். ஆனாலும் மொழி வகுப்புக்கு இரண்டாவது கேள்வியைவிட நல்ல கேள்வி கிடைப்பது கஷ்டம். ‘பிகாஸ்’ இல்லாமல் அதற்குப் பதில் சொல்லவே முடியாது. ஒற்றைச் சொல் பதில்களை வாக்கியமாக நீட்டுவது அந்த ஒரு கேள்விதான்.

எல்லாப் படமும் எல்லாவற்றுக்கும் உதவாது. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு ஹாப்பரின் மௌனம் சரிப்படாது; அவர்களுக்கு நிறையப் பேர் நிறைய வேலை செய்யும் படம் வேண்டும். பீட்டர் புரூகல் 1560இல் வரைந்த ‘சிறுவர் விளையாட்டுகள்’ வியன்னாவில் இருக்கிறது. 200க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வளையம் உருட்டுகிறார்கள், பச்சைக் குதிரை தாண்டுகிறார்கள், பொய்க்காலில் நடக்கிறார்கள், தலைகீழாக நிற்கிறார்கள். ‘இஸ் ரோலிங்’, ‘இஸ் ஜம்பிங்’ என்ற தொடர் நிகழ்காலத்தை ஒரு முழு வகுப்பு நேரமும் சலிக்காமல் ஓட்டலாம். ஒரு மாணவர் ஒரு பிள்ளையை மனதுக்குள் நினைத்துக்கொண்டு வர்ணிக்க, மற்றவர்கள் படத்தில் தேடிக் கண்டுபிடிக்கட்டும். எந்தப் பிள்ளை என்பது சொல்பவருக்கு மட்டும்தான் தெரியும். எளிய வாக்கியம்தான், ஆனால் அதில் செய்தி இருக்கிறது.

இலக்கியத்துக்கு வருவோம். இங்கே தவறு பெரும்பாலும் தேர்விலேயே தொடங்குகிறது. ஒரு பகுதியை உதவியில்லாமல் தடங்கலின்றிப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் 98 சதவீதமாவது ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷனும் மற்றவர்களும் செய்த ஆய்வுகளில் வந்த கணக்கு. அதாவது 50 சொல்லுக்கு ஒன்று புதிது என்றால் சமாளிக்கலாம். சுருக்காத, எளிமையாக்காத ஆங்கில நாவலுக்கு இந்த அளவை எட்ட 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) தெரிய வேண்டும் என்றும் நேஷன் மதிப்பிட்டார். 1,000 சொல் தெரிந்த மாணவரிடம் 19ஆம் நூற்றாண்டு நாவலைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆர்வமில்லை என்று குறைபட்டுக்கொள்வது நியாயமில்லை. வரிக்கு நான்கு சொல்லுக்கு அகராதி புரட்டினால் யாருக்குமே ஆர்வம் வராது.

எளிமையாக்கிய வாசிப்பு நூல்களைத் தரம் குறைந்தவை என்று நினைக்கும் ஆசிரியர்கள் உண்டு. ஆங்கிலக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட் 1920களில் டாக்காவில் வேலை பார்த்தபோது, அதிகம் பயன்படும் சொற்களை மட்டும் வைத்துப் படிப்படியாக ஏறும் வாசிப்பு நூல்களை உருவாக்கினார். பிறகு 1953இல் அவர் வெளியிட்ட சொற்பட்டியலில் சுமார் 2,000 தலைச்சொற்கள் இருந்தன. அந்த வழியில் வந்தவைதான் இன்றைய ‘கிரேடட் ரீடர்’ புத்தகங்கள். இலக்கியத் தரத்தில் சில மட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு முழுப் புத்தகத்தை ஆங்கிலத்தில் படித்து முடித்துவிட்டேன் என்ற தெம்பு, நல்ல நாவலின் முதல் மூன்று பக்கத்தில் கிடைக்காது.

கதைப் புத்தகங்களை வகுப்பில் கொட்டினால் என்ன நடக்கும் என்பதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. வார்விக் எல்லியும் ஃபிரான்சிஸ் மங்குபாயும் ஃபிஜியின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடத்தி 1983இல் வெளியிட்டது. 9 முதல் 11 வயதுப் பிள்ளைகள், ஆங்கிலம் அவர்களுக்கு இரண்டாம் மொழி. வகுப்புக்கு 250 கதைப் புத்தகங்கள். சில வகுப்புகளில் ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்து படித்துப் பேசினார்கள், நடித்தார்கள், வரைந்தார்கள். சில வகுப்புகளில் அமைதியாக அவரவர் படித்தார்கள். வழக்கமான வாய்ப்பயிற்சிப் பாடங்களோடு நின்ற வகுப்புகளைவிட எட்டு மாதத்தில் இந்தப் பிள்ளைகளின் வாசிப்பு ஏறத்தாழ இரட்டை வேகத்தில் முன்னேறியது. இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த முன்னேற்றம் எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பரவியிருந்தது. இலக்கணப் பயிற்சியைக் குறைத்தவர்களுக்கு இலக்கணம் கூடியது என்பதுதான் இதில் பலரால் ஜீரணிக்க முடியாத பகுதி.

கவிதை பற்றி ஒரு வார்த்தை. சொற்கள் குறைவாக இருப்பதால் எளிது என்று எண்ணிக் கொடுக்கிறார்கள், ஆனால் சொல்லொழுங்கு புரண்டிருப்பதால் பொருள் காண்பது பல நேரம் உரைநடையைவிடக் கடினம். கவிதை உண்மையில் உதவுவது காதுக்கு. ஆங்கிலம் அழுத்தம் விழும் அசைகளை நிறுத்தி, மற்றவற்றை விழுங்கிவிட்டு ஓடும் மொழி. அசைக்கு அசை சமமாக உச்சரித்துப் பழகிய நமக்கு அது எளிதில் வராது. தாளமுள்ள நான்கு வரியைக் கைதட்டிச் சொல்லிப் பழகினால், எந்த இடத்தில் அழுத்த வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்பது விளக்கமில்லாமலே பிடிபடும். கருப்பொருள் என்ன, மையக்கருத்து என்ன என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சொந்த வாழ்க்கைக் கதைகளின் பலம் மொழியியலாளர்களுக்கு வேறு வழியில் தெரியவந்தது. வில்லியம் லேபோவ் 1960களில் நியூயார்க்கில் மக்களின் இயல்பான பேச்சைப் பதிவுசெய்யப் போனார். ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்ததும் எல்லோரும் திருத்தமாகப் பேசத் தொடங்கினார்கள். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, ‘செத்தோம் என்று நினைத்த தருணம் உங்களுக்கு எப்போதாவது வந்ததுண்டா?’ என்று கேட்பது. அதைச் சொல்லத் தொடங்கியதும் எப்படிப் பேசுகிறோம் என்பது மறந்துபோய், என்ன சொல்கிறோம் என்பதில் மனம் போய்விடும். ஆங்கிலம் பேசத் தயங்கும் மாணவருக்கும் தடை இதேதான். தன் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் தானே காவல் காக்கிறார்.

லேபோவும் ஜோஷுவா வாலெட்ஸ்கியும் 1967இல் இந்தக் கதைகளின் அமைப்பைப் பிரித்துக் காட்டினார்கள்: எங்கே, எப்போது, யார் என்ற அறிமுகம், சிக்கல், இதை ஏன் சொல்கிறேன் என்ற மதிப்பீடு, முடிவு. இந்த அமைப்புக்குள் ஆங்கிலக் காலங்கள் தாமாகவே இடம்பிடித்துக்கொள்கின்றன. ஒரு மாணவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘யெஸ்டர்டே ஐ கோ ஹோம். ரெயின் கம். சைக்கிள் பஞ்சர். ஐ வாக்.’ நான்கு வாக்கியத்தில் நான்கு தவறு என்று சிவப்பு மை போடலாம். மழை வந்தபோது நீ எங்கே இருந்தாய் என்று கேட்கவும் செய்யலாம். சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன் என்று அவர் சொல்ல நினைப்பார். ‘ஐ வாஸ் ரைடிங்’ வரும், கூடவே ‘வென் இட் ஸ்டார்ட்டட் டு ரெயின்’. பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு காலம், குறுக்கே வந்து விழுந்தது இன்னொரு காலம். பஞ்சர் எப்போது தெரிந்தது என்று கேட்டால், இறங்கிப் பார்த்தபோது காற்று ஏற்கெனவே போய்விட்டிருந்தது என்று சொல்ல வேண்டும், ‘ஹாட் கான்’ (had gone) வந்துவிட்டது. அட்டவணை போட்டு மூன்று பாடவேளை நடத்தும் மூன்று காலங்களும் ஒரு பஞ்சர் கதைக்குள் அடங்கிவிடுகின்றன.

அதே கதையை மறுபடி சொல்ல வைப்பது இன்னும் முக்கியம். கீத் மாரிஸ் 1983இல் எழுதிய ‘4/3/2’ பயிற்சியில் ஒரே விஷயத்தை முதலில் நான்கு நிமிடம், அப்புறம் வேறொருவரிடம் மூன்று நிமிடம், இன்னொருவரிடம் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர் என்பதால் கதை பழசாவதில்லை. சொல்பவருக்கோ என்ன சொல்வது என்ற யோசனை தீர்ந்துவிட்டதால் எப்படிச் சொல்வது என்பதற்கு மூளையில் இடம் கிடைக்கிறது. செலவே இல்லாத பயிற்சி இது.

சொந்த வாழ்க்கையிலிருந்து சொல் எடுத்ததில் நியூசிலாந்தின் சில்வியா ஆஷ்டன்-வார்னர் அளவுக்குத் துணிந்தவர்கள் குறைவு. அந்நாட்டுப் பூர்வகுடிகளான மவோரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அச்சிட்ட பாடநூலைக் கையில் எடுக்கும் முன், ஒவ்வொரு பிள்ளையிடமும் உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்டு அட்டையில் எழுதிக்கொடுத்தார். ‘கோஸ்ட்’, ‘கிஸ்’, ‘மம்மி’ போன்ற சொற்களை ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் பிள்ளைக்கு ஒரு சொல் நினைவில் இல்லையென்றால் அந்த அட்டையைத் தூக்கிப்போட்டுவிடுவார். அது அந்தப் பிள்ளையின் சொல் இல்லை, அவ்வளவுதான். பிரேசிலில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் போர்த்துகீசிய எழுத்தறிவு கொடுத்ததும் இதே அடிப்படையில்தான். உழைப்பாளர்களின் அன்றாட வாழ்க்கைப் படங்களைக் காட்டி முதலில் பேச வைத்தார், அந்தப் பேச்சிலிருந்து சொற்களை எடுத்து எழுத வைத்தார். 1964 ராணுவக் கவிழ்ப்போடு அந்தத் திட்டம் நின்றது, ஃபிரெய்ரே சிறைக்குப் போனார்.

ஆனால் சொந்தக் கதை என்ற பெயரில் வகுப்பில் வன்முறையும் நடக்கும். உன் அப்பாவைப் பற்றிச் சொல், உன் வீட்டைப் பற்றி எழுது என்பது சில பிள்ளைகளுக்கு முப்பது பேர் முன்னால் பதில் சொல்லவே முடியாத கேள்வி. பொய் சொல்லும் உரிமை வகுப்பில் இருக்க வேண்டும். தனக்கு நடந்ததையோ, பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்ததையோ, கட்டிவிட்டதையோ சொல்லலாம் என்று முதலிலேயே அறிவித்துவிட வேண்டும். மூன்று கதையில் எது கற்பனை என்று மற்றவர்கள் கண்டுபிடிக்கும் விளையாட்டாக மாற்றினால், மறைக்க விரும்புபவர் மறைப்பதே தெரியாது. கண்டுபிடிப்பவர்களும் நிறையக் கேள்வி கேட்டாக வேண்டும்.

இவ்வளவும் செய்தால் ஆங்கிலம் தானாக வந்துவிடுமா? புரியும்படியான ஆங்கிலத்தை நிறையக் கேட்டாலும் படித்தாலுமே மொழி படியும் என்பது மொழிக்கல்வி ஆய்வாளர் ஸ்டீஃபன் கிராஷனின் வாதம். ஆனால் கனடாவில் பிரெஞ்சு வழியிலேயே எல்லாப் பாடமும் படித்த ஆங்கிலப் பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன், அவர்கள் கேட்பதிலும் வாசிப்பதிலும் தாய்மொழிக்காரர்களை நெருங்கியிருந்தாலும் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் நிலைத்துவிட்டதைக் கண்டார். சொல்ல முயன்று, சொல்ல முடியாமல் முட்டி நிற்கும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பது தெரிகிறது என்று 1985இல் எழுதினார். நான் ஸ்வெய்ன் பக்கம். கதை கேட்டு ரசிப்பதோடு வகுப்பு முடிந்தால் அது நல்ல பொழுது, அரைகுறைப் பாடம்.

திருத்துவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாணவர் தவறாகச் சொன்னதை ஆசிரியர் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போவது பழகிய முறை. மாணவர் ‘ஹீ கோ’ என்பார், ஆசிரியர் ‘யெஸ், ஹீ வென்ட்’ என்பார். ராய் லிஸ்டரும் லைலா ரான்டாவும் 1997இல் வெளியிட்ட வகுப்பறை ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட திருத்தங்கள் இந்த வகைதான். மாணவர்கள் மிகக் குறைவாகப் பிடித்துக்கொண்டதும் இவற்றைத்தான். ‘யெஸ்’ என்று பாராட்டுவதாக நினைத்து அவர்கள் நகர்ந்துவிடுகிறார்கள். ‘ஹீ...?’ என்று இழுத்து நிறுத்தி அவரையே சொல்ல வைப்பது கூடுதல் பலன் தந்தது. கதை நடுவே ஒவ்வொன்றுக்கும் இப்படி நிறுத்தினால் கதை செத்துவிடும்; ஒரு தடவைக்கு ஒரே ஒரு வகைத் தவறை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிட வேண்டும்.

கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் இடம் தேர்வு. பரீட்சைக்கு வராத எதற்கும் நேரமில்லை என்பது ஆசிரியர்களின் நியாயமான புலம்பல். ஆனால் இதைத் தேர்வாக வைக்கவே முடியாது என்பது சரியில்லை. கேம்பிரிட்ஜின் சிறுவர் ஆங்கிலத் தேர்வுகளில் இரண்டு படங்களுக்குள்ள வித்தியாசத்தைச் சொல்வதும், வரிசைப் படங்களை வைத்துக் கதை சொல்வதும் பேச்சுத் தேர்வின் பகுதிகள். பள்ளி அளவிலேயே முன்பின் பார்க்காத ஒரு படத்தைக் கொடுத்து, ஊகத்துக்கு மதிப்பெண் போடாமல், காட்டும் காரணத்துக்கும் வாக்கியத்துக்கும் போடலாம். இரண்டு ஆசிரியர்கள் பத்துத் தாள்களைத் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டுப் பார்த்தால் மதிப்பெண் எங்கே வேறுபடுகிறது என்பது தெரிந்துவிடும்.

புதிதாக எதுவும் வாங்கவும் வேண்டாம். பாடநூலில் இருக்கும் கதையையே கடைசிப் பத்திக்கு முன்னால் நிறுத்திப் புத்தகத்தை மூடச் சொல்லி, அடுத்து என்ன நடக்கும் என்று எழுத வைக்கலாம். ‘வில்’, ‘மைட்’, ‘கோயிங் டு’ மூன்றும் அங்கே தேவைப்படும். பாடத்தின் கீழுள்ள ஐந்து கேள்விகளில் நாலைந்து வரி தள்ளி விடை அப்படியே கிடக்கும் மூன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘ஏன் அவள் அதை அம்மாவிடம் சொல்லவில்லை?’ என்பது போல, கதை பதில் சொல்லாமல் விட்ட ஒன்றைக் கேட்கலாம். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் இரண்டிரண்டு பேராகப் பேசவிட்டு, நான்கு ஜோடிகளை மட்டும் எழுந்து சொல்லச் சொன்னால் போதும், பாடவேளைக்குள் முடிந்துவிடும்.